பனிக்குடம் உடைந்தால் யாரைக் கேட்பது?

போன மாதம் ஒரு ராத்திரி, மணி பதினொன்றரை இருக்கும். போன் அடித்தது. பழைய சினேகிதர். குரலில் பதற்றம்.

"பொண்ணுக்குத் தண்ணி உடைஞ்சிடுச்சு சார். வலி எதுவும் வரலை. 35 வாரம்தான் ஆகுது. டாக்டரம்மா அட்மிட் பண்ணிட்டு, 'பயப்படாதீங்க, முடிஞ்சவரைக்கும் காத்திருந்து பார்க்கலாம்'னு சொல்றாங்க. பனிக்குடமே உடைஞ்ச அப்புறம் எதுக்குக் காத்திருக்கணும்? உங்களுக்குத் தெரிஞ்ச வேற நல்ல டாக்டர் இருந்தா சொல்லுங்களேன்."

"ஏன் காத்திருக்கச் சொல்றீங்கன்னு அந்த டாக்டரம்மாவையே கேட்டுப் பாருங்களேன்" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, பெண்ணை வேறொரு தனியார் மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே சிசேரியனுக்குச் சம்மதித்தார்கள். உடனே செய்தார்களா? இல்லை. ஜோசியர் அதற்கும் அடுத்த நாள் பத்தரை மணிக்கு மேல் பதினொன்றேகாலுக்குள் என்று நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். 'ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க முடியாது' என்று ஆஸ்பத்திரி மாறியவர்கள், நல்ல நேரத்துக்காக ஒரு முழு நாள் காத்திருந்தார்கள்!

பேரன் பிறந்தான், குறித்த நேரத்தில். ஆனால் மூச்சு விடச் சிரமப்பட்டான். ஆறு நாள் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். பெற்றவள் முதல் இரண்டு நாள் அவனை செல்போன் படத்தில்தான் பார்த்தாள். இப்போது இருவரும் நலம். பார்க்கப் போயிருந்தபோது அந்தப் பெண் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "அங்கிள், என்னை யாருமே ஒரு வார்த்தை கேட்கலை."

காத்திருந்தாலும் அந்தக் குழந்தைக்கு மூச்சு முட்டியிருக்கலாம், யார் கண்டது? அதனால் என் சண்டை விளைவோடு இல்லை. அந்த முடிவு எடுக்கப்பட்ட விதத்தோடு. அந்த இரண்டு நாளில் ஜோசியரைக் கேட்டார்கள், சம்பந்தி வீட்டைக் கேட்டார்கள், என்னைக்கூடக் கேட்டார்கள். வயிற்றில் சுமந்தவளைத் தவிர எல்லோரையும் கேட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் படிக்கத் தெரியும். படித்ததைச் சொல்கிறேன்.

பனிக்குடம் என்பது குழந்தையைச் சுற்றியிருக்கும் நீர்ப்பை. கிருமிகள் உள்ளே போகாமல் தடுக்கும் கதவும் அதுதான். வழக்கமாகப் பிரசவ வலியோடு உடையும். சில பேருக்கு 37 வாரம் முடிவதற்கு முன்பே, வலி எதுவும் இல்லாமலேயே உடைந்துவிடும். 100 கர்ப்பிணிகளில் சுமார் 3 பேருக்கு இப்படி நடக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குப் பின்னால் இந்தக் காரணம் இருக்கிறது. அபூர்வமான விஷயம் இல்லை. உங்கள் தெருவிலேயே யாருக்காவது நடந்திருக்கும்.

உடைந்தபின் டாக்டருக்கு முன்னால் இரண்டு பயம். குழந்தை உள்ளேயே இருந்தால் கிருமித் தொற்று வரலாம், தொப்புள்கொடி நழுவலாம், நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் கொட்டலாம். வெளியே எடுத்தால் நுரையீரல் முற்றியிருக்காது, மூச்சுத் திணறும், பால் குடிக்கத் தெரியாது, மஞ்சள் காமாலை வரும். உள்ளே வைத்தால் கிருமி பயம், வெளியே எடுத்தால் மூச்சு பயம். எது பெரியது என்பது எத்தனையாவது வாரம் என்பதைப் பொறுத்து மாறும்.

37 வாரம் தாண்டியிருந்தால் பெரிய குழப்பம் இல்லை. பிரசவத்தைத் தூண்டிவிடுவார்கள். 34 வாரத்துக்குக் குறைவு என்றால், ஆபத்து எதுவும் தெரியாதவரை, காத்திருக்கவே சொல்வார்கள். சண்டையெல்லாம் நடுவில் உள்ள மூன்று வாரத்துக்குத்தான். என் சினேகிதரின் மகள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

பல வருடங்களாகப் பல நாடுகளில் வழக்கம், '34 வாரம் ஆகிவிட்டதா, எடுத்துவிடு' என்பதுதான். கிருமி பயம். நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் நியாயமாகத் தோன்றுவதெல்லாம் நிஜம் ஆகிவிடாதே! ஆஸ்திரேலியாவில் ஜொனாதன் மோரிஸ் என்கிற டாக்டரின் குழு, 11 நாடுகளில் 65 மருத்துவமனைகளில் 1,800-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தது. எல்லோரும் 34-லிருந்து 37 வாரத்துக்குள் பனிக்குடம் உடைந்தவர்கள். பாதிப் பேருக்கு உடனே பிரசவம். பாதிப் பேரைக் கண்காணிப்பில் வைத்துக் காத்திருந்தார்கள். முடிவு 2016-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது.

பயந்தபடி கிருமி வந்ததா? பச்சிளம் குழந்தைகளுக்கு ரத்தத் தொற்று, உடனே எடுத்ததில் 100-க்கு 2, காத்திருந்ததில் 100-க்கு 3. பெரிய வித்தியாசம் இல்லை. மூச்சுத் திணறலோ, உடனே எடுத்ததில் 100-க்கு 8, காத்திருந்ததில் 5. சிசேரியன், உடனே எடுத்ததில் 100-க்கு 26, காத்திருந்ததில் 19. அவசரப்பட்டு எடுத்த குழந்தைகள்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் அதிக நாள் கிடந்தன.

இதை வைத்துக்கொண்டு 'காத்திருப்பதே தர்மம்' என்று கொடி பிடிக்கவும் நான் தயாரில்லை. அதே ஆய்வில், காத்திருந்த தாய்மார்களுக்கு ரத்தப்போக்கும் பிரசவ நேரக் காய்ச்சலும் கொஞ்சம் அதிகம். ஆஸ்பத்திரியில் அதிக நாள் இருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர் ராயல் கல்லூரி 2019-ல், வேறு ஆபத்து இல்லையென்றால் 37 வாரம் வரை காத்திருக்கலாம் என்றது. பிரசவப் பாதையில் ஒரு குறிப்பிட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருப்பது தெரிந்தால் மட்டும் 34 வாரத்துக்குப் பிறகு தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொன்னது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2020-ல், 34 வாரத்துக்குப் பிறகு இரண்டுமே நியாயமான வழிதான் என்றது.

இரண்டும் நியாயமான வழி என்றால் என்ன அர்த்தம்? தாயிடம் இரண்டையும் எடுத்துச் சொல்லி, அவளையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும் என்று அர்த்தம். ஜோசியரைக் கேட்க வேண்டும் என்று எந்த வழிகாட்டியிலும் இல்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காத்திருப்பது என்றால் வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "வலி வரட்டும், அப்புறம் போகலாம்" என்று இருப்பது இல்லை. தண்ணீர் உடைந்ததாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி இல்லையா? போக வேண்டும். நடு ராத்திரியா? போக வேண்டும். ராகு காலமா? அப்போதும் போக வேண்டும். அங்கே காத்திருப்பது என்பது ஒரு வேலை. காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்தப் பரிசோதனை, கசியும் நீரின் நிறம், வாடை, குழந்தையின் இதயத்துடிப்பு எல்லாவற்றையும் தினமும் பார்க்க வேண்டும். ஆன்ட்டிபயாடிக் கொடுக்க வேண்டும். பிரசவ வலி வராத நிலையில் ஆளாளுக்குக் கைவிட்டுப் பரிசோதிப்பதைத் தவிர்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே போக வழி. காய்ச்சல் வந்தாலோ, நீர் நாற்றமடித்தாலோ, குழந்தையின் துடிப்பு தடுமாறினாலோ, காத்திருப்பு அந்த நிமிஷமே முடிந்தது. அப்புறம் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது.

34 வாரத்துக்கு முன்னால் உடைந்தவர்களுக்கு இன்னொரு வரப்பிரசாதம் உண்டு. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்கிற டாக்டர், ஆடுகளை வைத்து ஆராய்ச்சி செய்தபோது தற்செயலாகக் கண்டார். ஸ்டீராய்டு மருந்து பெற்ற குட்டிகள், பிழைக்கவே முடியாத குறைமாதத்தில் பிறந்தும் மூச்சு விட்டன. 1972-ல் அவரும் ஹோவி என்பவரும், தாய்க்கு அந்த ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் தயாராகும் என்று காட்டினார்கள். விலை உயர்ந்த மருந்து இல்லை. ஆனால் பலன் கிடைக்க ஒன்றிரண்டு நாளாவது வேண்டும். 31-வது வாரத்தில் தண்ணீர் உடைந்த பெண்ணை, "இப்பவே எடுத்துடுங்க" என்று அவசரப்படுத்துகிற உறவினர், அந்த ஒன்றிரண்டு நாளைத்தான் குழந்தையிடமிருந்து பிடுங்குகிறார்.

'ஏழு மாசம் பிழைக்கும், எட்டு மாசம் பிழைக்காது' என்று ஒரு நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. நம் பாட்டிகள் மட்டும் சொன்னது இல்லை. ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க ஏடுகளிலும் இருக்கிறது. பழசு என்பதால் உண்மையாகிவிடுமா? உள்ளே பத்திரமாக இருக்கிறவரை, ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். எட்டாம் மாதக் குழந்தை ஏழாம் மாதக் குழந்தையைவிட எல்லா விதத்திலும் நன்றாகப் பிழைக்கும்.

இவ்வளவு நேரம் அவசரத்தைத் திட்டினேன். இப்போது தாமதத்துக்கு வருகிறேன். அது இன்னும் கொடுமை.

சவிதா ஹலப்பனவர் என்ற பெயர் நினைவிருக்கிறதா? கர்நாடகத்தின் பெல்காமைச் சேர்ந்த பல் டாக்டர். வயது 31. கணவர் பிரவீணோடு அயர்லாந்தின் கால்வே நகரில் வாழ்ந்தார். 2012 அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை, முதுகுவலி என்று அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனார். 17 வாரக் கர்ப்பம். அன்று நள்ளிரவு தாண்டிப் பனிக்குடம் உடைந்தது. 17 வாரத்தில் உடைந்தால் குழந்தை பிழைக்க வழியில்லை. கரு கலைவது நிச்சயம் என்று டாக்டர்களே சொல்லிவிட்டார்கள்.

அப்படியென்றால் கருவை வெளியே எடுத்துவிடுங்கள் என்று சவிதா கேட்டார். முடியாது என்றார்கள். ஏன்? உள்ளே இதயம் துடிக்கிறதே! துடிப்பு இருக்கும்வரை தொடக் கூடாது, சட்டம் அப்படி என்றார்கள். 1983-ல் அயர்லாந்து மக்கள் ஓட்டுப் போட்டு அரசியல் சாசனத்தில் சேர்த்த எட்டாவது திருத்தம், கருவின் உயிரும் தாயின் உயிரும் சமம் என்றது. 'இது கத்தோலிக்க நாடு' என்று ஒரு நர்ஸ் சொன்னார். விசாரணையில் அவரே அதை ஒப்புக்கொண்டார். நான் ஐரிஷும் இல்லை, கத்தோலிக்கரும் இல்லை என்று சவிதா மன்றாடியதாகப் பிரவீண் பிறகு பேட்டிகளில் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கேட்டார். புதன்கிழமை உடம்பில் விஷக்காய்ச்சல் பரவியது. அன்று பிற்பகல் கரு தானாகவே வெளியேறியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அக்டோபர் 28, அடுத்த ஞாயிறு, சவிதா இறந்து போனார். ரத்தத்தில் கிருமி பரவி உறுப்புகள் செயலிழந்தன.

காரணம் சட்டம் மட்டும்தானா? விசாரணைக் குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டவர் ஒரு தமிழர். இலங்கையில் பிறந்து, லண்டனில் உலகப் புகழ் பெற்ற மகப்பேறு பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன். 2013 ஜூனில் வந்த அந்த அறிக்கை மூன்று தவறுகளை அடுக்கியது. நோயாளியைச் சரியாகக் கண்காணிக்கவில்லை. பனிக்குடம் உடைந்து நேரம் ஆக ஆகத் தாய்க்கு ஆபத்து கூடும் என்று தெரிந்தும், இருக்கிற எல்லா வழிகளையும் அவருக்குச் சொல்லவில்லை. தொற்று வந்தபின் செய்ய வேண்டியதை உரிய வேகத்தில் செய்யவில்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு அரசு அமைப்பின் அறிக்கை, காப்பாற்ற 13 வாய்ப்புகள் தவறவிடப்பட்டன என்றது. பதின்மூன்று!

அந்த இரண்டாவது தவறை மட்டும் மறுபடி படியுங்கள். எல்லா வழிகளையும் சொல்லவில்லை. 17 வாரத்தில் சவிதாவுக்கு நடந்ததும், 35 வாரத்தில் என் சினேகிதரின் மகளுக்கு நடந்ததும் இந்த ஒரு புள்ளியில் வந்து சேர்கின்றன. ஒரு இடத்தில் காத்திருக்கக் கூடாத நேரத்தில் காக்க வைத்தார்கள். இன்னொரு இடத்தில் காத்திருக்கக் கூடிய நேரத்தில் அறுத்தார்கள். இரண்டு இடத்திலும் கடிகாரம் வேறு யாரோ கையில் இருந்தது.

அயர்லாந்து மக்கள் பாடம் படித்தார்கள். 2018 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் 66.4 சதவிகிதம் பேர் எட்டாவது திருத்தத்தைத் தூக்கியெறிய ஓட்டுப் போட்டார்கள். ஆனால் உலகம் பாடம் படித்ததா? 2020 அக்டோபரில் போலந்தின் அரசியல் சாசன நீதிமன்றம் கருக்கலைப்புச் சட்டத்தை இறுக்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், 22 வாரத்தில் பனிக்குடம் உடைந்து மருத்துவமனைக்குப் போன இசபெலா என்ற 30 வயதுப் பெண், அதே மாதிரி, அதே கிருமித் தொற்றில் இறந்தார். குழந்தையின் துடிப்பு நிற்கட்டும் என்று டாக்டர்கள் காத்திருக்கிறார்கள் என்று தன் அம்மாவுக்கு செல்போனில் செய்தி அனுப்பியிருந்தார்.

"நம்ம நாட்டுல அந்தப் பிரச்னை இல்லையே சார்" என்பீர்கள். உண்மைதான். நம் சட்டம் இந்த விஷயத்தில் மனிதாபிமானமானது. 1971-லேயே வந்தது. தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடித் தேவை என்றால் வாரக் கணக்கு குறுக்கே வராது என்று சொல்கிறது. நல்ல சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் செய்யாததை நாம் செய்கிறோமே!

சித்திரையில் பிறந்தால் ஆகாது. மூலம் ஆகாது. அஷ்டமி ஆகாது. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ல் எடுத்த கணக்குப்படி, தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நடக்கும் 100 பிரசவங்களில் சுமார் 64 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. தனியாருக்குப் போகிற பெண்களுக்கு மட்டும் இடுப்பெலும்பு குறுகிப் போய்விட்டதா என்ன? சிக்கலான கேஸ்கள் சில அங்கே அதிகம் போகலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இத்தனை வித்தியாசத்துக்கு அது மட்டுமே காரணம் என்று சொன்னால் என் காது குத்தியாகிவிட்டது என்பேன்.

டாக்டர்களை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. ஒரு மகப்பேறு மருத்துவரிடம் இதைப் பேசியபோது அவர் கேட்டார். "காத்திருந்து ஏதாவது ஆச்சுன்னா, 'ஏன் உடனே எடுக்கலை'ன்னு கண்ணாடியை உடைப்பாங்க. உடனே எடுத்து ஏதாவது ஆச்சுன்னா, 'எல்லா முயற்சியும் செஞ்சாங்க'ம்பாங்க. நான் எதைச் செய்வேன்னு நினைக்கிறீங்க?" என்னிடம் பதில் இல்லை. கத்தி எடுத்தால் கடமை, காத்திருந்தால் அலட்சியம் என்று டாக்டருக்குச் சொல்லிக் கொடுத்தது நாம்தான். அதே சமயம், "நாங்க பார்த்துக்கறோம், நீங்க கையெழுத்துப் போடுங்க" என்று படிக்கவே விடாமல் தாளை நீட்டுகிற டாக்டர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

சரி, நாளைக்கு உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ மனைவிக்கோ மாதம் நிறைவதற்கு முன் தண்ணீர் உடைந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது வண்டியை எடுங்கள். குறைமாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். போனபின் நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இன்று எத்தனை வாரம், எத்தனை நாள்? 'எட்டாம் மாசம்' என்கிற கணக்கு போதாது. இரண்டு, உடனே பிரசவம் என்றால் குழந்தைக்கு என்ன ஆபத்து, அம்மாவுக்கு என்ன ஆபத்து? மூன்று, காத்திருந்தால் இருவருக்கும் என்ன ஆபத்து, எதையெல்லாம் தினமும் கண்காணிப்பீர்கள்? நான்கு, என்ன நடந்தால் காத்திருப்பதை நிறுத்துவீர்கள்?

இந்த நாலு கேள்வியையும் வராந்தாவில் நின்று மாமனாரும் சித்தப்பாவும் கேட்கக் கூடாது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், அவள் காது கேட்க, கேளுங்கள். பதில் வந்தபின் அவள் முகத்தைப் பார்த்து ஐந்தாவது கேள்வியை நீங்கள் கேளுங்கள். "உனக்கு என்னம்மா தோணுது?"

குழந்தை பிறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போய் ஜாதகம் எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. பிறந்த பிறகு எழுதுங்கள். பிறக்கும் முன்பே எழுதிக்கொண்டு வந்து, அதற்கேற்ப ஒருத்தி வயிற்றைக் கிழிக்கச் சொல்லாதீர்கள்.